டர்போவில் ஒயில் கசிந்தால் சீல் மட்டும் மாற்றினால் போதுமா?

தொழிற்பாடம்



கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட பகுதித் தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு வேனோ சின்ன லொறியோ நிற்பது இன்று புதுமை அல்ல. முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மாவின் சேமலாப நிதிப் பணம் அதில் இருக்கும். அக்காவின் நகை அடகில் இருக்கும். மிச்சத்துக்கு மாதாமாதம் லீசிங் கட்டுவார்கள். அந்த வேன் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும், பகலில் மரக்கறி மூட்டை ஏற்றும், இரவில் அவசரம் என்றால் நோயாளியை ஏற்றிக்கொண்டு பேராதனைக்கும் கண்டிக்கும் ஓடும். அது கராஜில் படுத்துவிட்டால் வருமானம் நின்றுவிடும், லீசிங் நிற்காது.

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். இந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனத்தின் விலையும் ஏறிவிட்டது, உதிரிப்பாகத்தின் விலையும் ஏறிவிட்டது. கையில் இருக்கிற வாகனத்தைக் காப்பாற்றி ஓட்டுவதே நமக்குப் புத்திசாலித்தனம்.

நமது பகுதி டிரைவர்மார் அடிக்கடி நம்மிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. "நீலப் புகை கக்குது, ஒயில் குறையுது, டர்போ சீல் போச்சாம், மாத்தணுமாம்" என்பார்கள். இந்தப் பாடத்தில் அந்த சீல் என்ன, அது ஏன் கசிகிறது, மாற்றுவதென்றால் எப்படி மாற்ற வேண்டும் என்பதைப் பார்ப்போம். வேலையைச் செய்யப் போவது பாஸ்தான். ஆனால் காசு கொடுப்பவர் நாம். என்ன நடக்கிறது என்று தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

டர்போ என்பது என்ன?

அடுப்பை ஊதுகுழலால் ஊதினால் விறகு நன்றாகப் பற்றும் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். காற்று கூடினால் நெருப்பு கூடும். இஞ்சினும் அப்படித்தான். ஒரு லீட்டர் டீசல் முழுமையாக எரிய ஏறக்குறைய பத்தாயிரம் லீட்டர் காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் டீசல் பாதி எரிந்து கறுப்புப் புகையாகப் போகும். காற்றை அமுக்கிக் கொடுத்தால் அதே அளவு இஞ்சினில் கூடுதல் டீசல் எரிக்கலாம், கூடுதல் இழுவை கிடைக்கும்.

இந்த ஊதுகுழல் வேலையைச் செய்வதே டர்போ. ஒரு மெல்லிய தண்டு. அதன் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு விசிறிச் சில்லு. ஒரு சில்லை சைலன்சருக்குப் போகும் சூட்டுப் புகை தள்ளிச் சுழற்றும். தண்டு சுழல, மறு நுனியில் உள்ள சில்லு வெளிக்காற்றை இழுத்து அமுக்கி இஞ்சினுக்குள் அனுப்பும். பெக்டரியில் வேலை செய்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். கொழுந்து வாட்டும் இடத்திலும் டிரையரிலும் உள்ள பெரிய பேன்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சில, காற்றை நடுவால் இழுத்து விளிம்பால் எறியும். டர்போவின் காற்றுச் சில்லும் நடுவால் இழுத்து விளிம்பால் எறிவதே. அது உள்ளங்கையில் அடங்கும் என்பதுதான் வித்தியாசம்.

சிறிதாக இருந்தாலும் அதன் வேகம் பயங்கரமானது. பெக்டரியில் ரோலர் நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது சுற்று சுற்றும். வேன் இஞ்சின் மேடு ஏறும்போது மூவாயிரம் சுற்று சுற்றும். டர்போ தண்டோ நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதன் ஒரு பக்கம் புகைச் சூட்டில் 600 பாகை செல்சியசுக்கு மேல் காயும். மறுபக்கம் சாதாரணக் காற்று. இரண்டுக்கும் நடுவில் அந்தத் தண்டைக் காப்பாற்றுவது ஒயில் ஒன்றுதான்.

மலைக்கும் டர்போவுக்கும் உள்ள உறவு

சூட்டுப் புகையின் சக்தியைக் கொண்டு காற்றை அமுக்கும் இந்த முறைக்கு சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூகி 1905ல் காப்புரிமை பெற்றார். அதைக் கப்பல் இஞ்சின்களில் வெற்றியாகப் பாவிக்க 1920கள் வரை ஆனது.

நம்மைப் போன்ற மலைநாட்டுக்காரர் அறிய வேண்டிய ஒரு பரிசோதனை 1918ல் அமெரிக்காவில் நடந்தது. சான்போர்ட் மொஸ் என்ற பொறியியலாளர் ஒரு விமான இஞ்சினை லொறியில் ஏற்றி, பைக்ஸ் பீக் என்ற மலையின் உச்சிக்குக் கொண்டுபோனார். அதன் உயரம் 14,000 அடிக்கு மேல். நமது பிதுருதலாகல மலையின் உயரம் 8,281 அடி என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தரைமட்டத்தில் சுமார் 350 குதிரைவலு தந்த அந்த இஞ்சின், உச்சியில் 230 மட்டில் இறங்கிவிட்டது. டர்போவைப் பூட்டியதும் மறுபடி 350க்கு மேல் வந்தது. உயரத்தில் காற்று மெலிவு. அந்தக் குறையை டர்போ நிரப்பிவிட்டது.

நுவரெலியா உயரத்தில் காற்றின் அமுக்கம் கடற்கரையை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் நம் பக்கம் ஓடும் டீசல் வாகனங்களுக்கு டர்போ நல்ல துணை. பேராதனையில் இருந்து ஹிந்தகல வழியாகக் கலஹாவுக்கு ஏறும்போதும், 1867ல் ஜேம்ஸ் டெய்லர் முதன் முதலாகத் தேயிலையை வியாபாரப் பயிராக நட்ட லூல்கந்துரப் பக்கம் ஏறும்போதும் டர்போ முழு மூச்சாக வேலை செய்கிறது. கூடுதலாக வேலை செய்யும் சாமான் கூடுதலாகத் தேயும். கூடுதலாகக் கவனிக்கவும் வேண்டும்.

டர்போ சீல் எது?

சீல் என்றதும் பலர் கிராங்க் தண்டில் உள்ள றப்பர் ஒயில் சீலை நினைக்கிறார்கள். டர்போவில் உள்ளது அது அல்ல. அந்தச் சூட்டுக்கு றப்பர் தாங்காது. அநேகமான டர்போக்களில் சீல் என்பது பிஸ்டன் றிங்கைப் போன்ற ஒரு சின்ன இரும்பு வளையம். சிறு பிள்ளையின் மோதிரம் அளவுதான் இருக்கும். புகைப் பக்கம் ஒன்று, காற்றுப் பக்கம் ஒன்று. வளையம் வெளிக்கூட்டை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். தண்டில் உள்ள தவாளிப்பு அதற்குள் உரசாமல் சுழலும்.

இதில் இருந்து ஒரு முக்கியமான விடயம் விளங்கும். வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவில் மிகச் சிறிய இடைவெளி எப்பொழுதும் உண்டு. ஒயிலை முற்றாக மறிக்கும் மதில் அது அல்ல. பின்னே ஒயில் ஏன் கசிவதில்லை? இரண்டு காரணம். ஒன்று, வெளியில் இருந்து காற்றும் புகையும் உள்நோக்கி அமுக்கிக்கொண்டிருக்கின்றன. இரண்டு, மேலால் வந்த ஒயில் பெயாரிங்கை நனைத்த உடனே, கீழே உள்ள அகலமான குழாயால் தானாகவே இறங்கி இஞ்சின் அடித்தொட்டிக்குப் போய்விடுகிறது. சீலுக்குப் பக்கத்தில் ஒயில் தேங்குவதே இல்லை.

லயத்துக் கானை நினைத்துப் பாருங்கள். கான் சுத்தமாக இருந்தால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ஓடிவிடும். கான் அடைபட்டால் தண்ணீர் வாசற்படி ஏறிக் கதவு இடுக்கால் வீட்டுக்குள் வரும். அந்த நேரம் கதவு சரியில்லை என்று புதுக் கதவு போட்டால் தண்ணீர் நிற்குமா? கானைத் துப்புரவாக்கினால்தான் நிற்கும். டர்போ சீலும் அந்தக் கதவைப் போன்றதே.

நமது பகுதியில் ஒருவருக்கு நடந்தது

ஒரு தம்பி தன் டீசல் வேனுக்கு மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை டர்போ சீல் மாற்றினார். இரண்டு தடவையும் ஒரு கிழமை நன்றாக ஓடியது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. மூன்றாவதாக வயது போன ஒரு பாஸிடம் கொண்டுபோனார். நாங்களும் கூட நின்றோம்.

"பாஸ், போன மாசம்தானே புது சீல் போட்டது. பொய்ச் சாமான் போட்டுட்டாங்களோ?" என்று தம்பி கேட்டார்.

"சாமான்ல பிழை இல்ல தம்பி. இந்தக் குழாயக் கழட்டிப் பார்ப்பம்" என்று பாஸ் டர்போவுக்கு அடியில் உள்ள ஒயில் இறங்கும் குழாயைக் கழற்றினார். வாயில் கேஸ்கட் பசை கட்டியாகப் பிதுங்கிப்போய் முக்கால்வாசி அடைபட்டிருந்தது. முன்பு வேலை செய்தவர்கள் புதுக் கேஸ்கட் வாங்காமல் பசையை அள்ளி அப்பியிருக்கிறார்கள்.

"கான் அடைபட்டா கதவு என்ன செய்யும் தம்பி?" என்றார் பாஸ். குழாயைத் துப்புரவாக்கி, புதுக் கேஸ்கட் வைத்துப் பூட்டினார். கசிவு நின்றது. முந்தி இரண்டு தடவை கட்டிய கூலியும் சாமான் காசும் போனது போனதுதான்.

சீலைக் கழற்ற முன் ஆறு சோதனை

கீழே சொல்லும் சோதனைகளை இஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகு செய்ய வேண்டும். முதலாவதிலும் ஐந்தாவதிலும் மட்டும் இஞ்சின் ஓட வேண்டும். வாகனம் சமதரையில் நிற்கட்டும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சில்லுக்குக் கல் அண்டை கொடுங்கள்.

1. புகையின் நிறம். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் கூடுதல். வெள்ளைப் புகை என்றால் தண்ணீர் அல்லது எரியாத டீசல். கறுப்புப் புகைக்கு சீல் மாற்றிப் பயன் இல்லை.

2. ஒயில் அளவு. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் டர்போவில் இருந்து ஒயில் இறங்கச் சிரமப்படும். "கூட ஊத்தினா நல்லது" என்ற எண்ணம் தவறு.

3. எயார் பில்டர். நம் தோட்டத்து மண் பாதையின் புழுதி எல்லாம் அதில்தான் சேரும். அது அடைபட்டால் டர்போ மூச்சுக்குத் தவித்து, காற்றுப் பக்கத்து சீல் வழியாக ஒயிலை உறிஞ்சி எடுக்கும். பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள்.

4. ஒயில் இறங்கும் குழாய். நசுங்கி இருக்கிறதா, வளைந்து தொங்குகிறதா, உள்ளே கரி கட்டியிருக்கிறதா? மேலே சொன்ன தம்பியின் கதையை நினைவில் வையுங்கள்.

5. இஞ்சினின் மூச்சுக் குழாய். பிஸ்டன் றிங் தேய்ந்தாலும், மூச்சுக் குழாய் அடைபட்டாலும் இஞ்சின் வயிற்றுக்குள் காற்று அமுக்கம் கூடும். கீழே இருந்து அமுக்கினால் மேலே இருந்து ஒயில் எப்படி இறங்கும்? இஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒயில் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். மூடி துள்ளும் அளவுக்குப் புகை அடித்தால் குறை டர்போவில் இல்லை, இஞ்சினில். முகத்தைக் கிட்டக் கொண்டு போகாதீர்கள், சூடான ஒயில் தெறிக்கும்.

6. தண்டின் ஆட்டம். காற்றுப் பக்கத்துக் குழாயைக் கழற்றினால் சின்னச் சில்லு தெரியும். விரலால் சுற்றிப் பாருங்கள், தடையின்றிச் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவு தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒயில் இல்லாத நேரம் அது இயல்பு. ஆனால் இதழ் நுனி சுவரில் முட்டினாலோ, சுவரில் உரசிய கோடு இருந்தாலோ பெயாரிங் போய்விட்டது. தண்டை உள்ளே வெளியே தள்ளும்போது ஆட்டம் நன்றாகத் தெரிந்தாலும் அப்படியே. அந்த ஆட்டத்துக்குச் சரியான அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை பாஸ் டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. அந்தக் குழாய்க்குள் இலேசாக ஒயில் பூசியது போல இருப்பது சாதாரணம். மூச்சுக் குழாயின் ஆவியால் அது வரும். குட்டை போலத் தேங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

முதல் ஐந்தில் ஏதாவது ஒன்று பிழை என்றால் முதலில் அதைத் திருத்தி ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அத்தோடு பிரச்சினை தீர்ந்துவிடும். ஆறாவதும் பிழை என்றால் டர்போவைக் கழற்றத்தான் வேண்டும்.

வேலை நடக்கும் முறை

சீல் தேய்ந்திருந்தால் பெயாரிங்கும் தேய்ந்திருக்கும். ஆடுகிற தண்டுதான் வளையத்தைத் தின்கிறது. ஆகவே வளையத்தை மட்டும் மாற்றுவது அரைவேலை. பெயாரிங், திரஸ்ட் பெயாரிங், இரண்டு சீல் வளையம், ஓ றிங், கேஸ்கட் எல்லாம் சேர்ந்த றிப்பேர் கிட் கண்டியிலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் வாங்கலாம். கடைக்குப் போகும்போது டர்போவின் பெயர்த் தகட்டில் உள்ள எழுத்தையும் இலக்கத்தையும் அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். வேனின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாத சாமான் வந்துவிடும்.

முதற்படி, கழற்றுதல். பற்றரி வயரை எடுத்துவிட வேண்டும். காற்றுக் குழாய்கள், சூட்டுத் தகடு, ஒயில் வரும் குழாய், ஒயில் இறங்கும் குழாய், சில வாகனங்களில் தண்ணீர்க் குழாய் என்று ஒழுங்காகக் கழற்ற வேண்டும். புகைப் பக்கத்து நட்டுகள் சூட்டில் இறுகியிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் போல்ட் முறியாது. திறந்த வாய்களை எல்லாம் சுத்தமான துணியால் மூட வேண்டும். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தாலும் இஞ்சின் போச்சு.

இரண்டாம் படி, அடையாளம் இடுதல். டர்போவைப் பிரிக்க முன் நடுக்கூடும் இரண்டு பக்கக் கூடுகளும் எப்படிப் பொருந்தி இருந்தன என்று கீறி அடையாளம் வைக்க வேண்டும். தண்டு, சில்லு, நட்டு மூன்றிலும் ஒரே நேராகக் குறி இட வேண்டும். தொழிற்சாலையில் இவற்றைச் சேர்த்து எடை சமப்படுத்தியிருப்பார்கள். நிலை மாறினால் சமநிலை மாறும். காற்றுச் சில்லின் நட்டு பல டர்போக்களில் இடப்புறி. மற்ற நட்டைப் போல் திருப்பினால் தண்டு முறியலாம்.

மூன்றாம் படி, கழுவிப் பார்த்தல். கரியை மண்ணெண்ணெயிலோ கழுவும் திரவத்திலோ ஊற வைத்து மெல்லிய பிரஷால் எடுக்க வேண்டும். சில்லின் இதழைக் கம்பி பிரஷால் தேய்க்கக் கூடாது. ஒயில் ஓட்டைகள் திறந்திருக்க வேண்டும். தண்டின் தவாளிப்பு தேய்ந்திருந்தாலோ, தண்டு நீலம் பாய்ந்திருந்தாலோ, இதழ் உடைந்திருந்தாலோ கிட் போட்டுப் பயன் இல்லை. தண்டும் சில்லும் பூட்டிய முழு நடுப்பாகமாக மாற்ற வேண்டும். இதை பாஸ் சொன்னால் பழுதான சாமானைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல பாஸ் கோபிக்க மாட்டார்.

நான்காம் படி, பூட்டுதல். எல்லாவற்றையும் சுத்தமான இஞ்சின் ஒயிலில் நனைத்துப் பூட்ட வேண்டும். வளையம் மெல்லியது, பலவந்தமாகத் தட்டினால் உடையும். பூட்டிய பின் சமநிலை பார்க்கும் இயந்திரம் உள்ள இடத்தில் சோதித்து எடுப்பது நல்லது. இலட்சம் சுற்றில் ஒரு துளி எடை வித்தியாசம் புதுப் பெயாரிங்கையும் சில நாளில் தின்றுவிடும். அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஐந்தாம் படி, வாகனத்தில் ஏற்றுதல். புதுக் கேஸ்கட், புதுச் செம்பு வொஷர். ஒயில் குழாய் வாய்களில் பசை பூசவே கூடாது. காற்றுக் குழாய்களிலும் இன்டர்கூலரிலும் தேங்கிய பழைய ஒயிலை முற்றாக வடித்துக் கழுவ வேண்டும். இதை விட்டுவிட்டால் வரும் ஆபத்தை அடுத்துச் சொல்கிறோம். இஞ்சின் ஒயிலும் ஒயில் பில்டரும் புதிதாக மாற்ற வேண்டும்.

ஆறாம் படி, முதல் ஸ்டார்ட். டர்போவின் ஒயில் வாயில் கொஞ்சம் புது ஒயில் விட்டு, சில்லைக் கையால் சுற்றி நனைக்க வேண்டும். பிறகு டீசல் வராமல் தடுத்துவிட்டு, ஒயில் லைட் அணையும் வரை ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். அதன் பின் ஸ்டார்ட் செய்து, அக்சிலேட்டர் மிதிக்காமல் சில நிமிடம் ஓடவிட்டுக் கசிவு பார்க்க வேண்டும். சைலன்சருக்குள் கிடக்கும் பழைய ஒயில் எரிந்து முடியும் வரை புகை வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய கராஜில் இஞ்சின் புகை ஆளைக் கொல்லும்.

இஞ்சின் தானாக ஓடத் தொடங்கினால்

இதைக் கவனமாக வாசியுங்கள். டீசல் இஞ்சின் ஒயிலிலும் ஓடும். டர்போ சீலால் ஒயில் அதிகமாகக் கசிந்து காற்றுக் குழாயால் இஞ்சினுக்குள் போனால், அந்த ஒயிலையே எரித்துக்கொண்டு இஞ்சின் தன் பாட்டில் வேகம் எடுக்கும். சாவியை நிறுத்தினாலும் நிற்காது. சாவி டீசலை மறிக்கும், ஒயிலை மறிக்காது. இஞ்சின் அலறும், வெள்ளை நீலப் புகை மலை போல எழும்பும், கடைசியில் இஞ்சின் வெடித்தும் போகலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுடன் மலைப் பாதையில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். "கொஞ்சம் ஒயில்தானே குறையுது, ஊத்தி ஊத்தி ஓட்டுவம்" என்று இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

அப்படி நடந்தால் செய்ய வேண்டியவை:

கியர் வாகனம் என்றால் கிளட்சை மிதித்து, கால் பிரேக்கை அழுத்தி வாகனத்தை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, மேல் கியரில் போட்டு, பிரேக்கை விடாமல் கிளட்சைச் சட்டென்று விடுங்கள். இஞ்சின் திணறி நின்றுவிடும்.

அது முடியாவிட்டால், அல்லது ஒட்டோமட்டிக் வாகனம் என்றால், காற்று போகும் வாயை மூட வேண்டும். தடித்த பலகை அல்லது தகடு ஒன்றால் மூடுங்கள். கையால் மூடாதீர்கள், துணியைத் திணிக்காதீர்கள், இழுத்துக்கொண்டு போய்விடும். காபனீரொட்சைட்டு தீயணைப்புக் கருவி இருந்தால் காற்று வாய்க்குள் அடிக்கலாம்.

கிட்டப் போக முடியாத அளவுக்கு வேகம் என்றால் எல்லோரையும் இறக்கித் தூரக் கொண்டுபோங்கள். இஞ்சின் போனால் போகட்டும். ஆள் போனால் வராது.

மீண்டும் கெடாமல் இருக்க

காலையில் ஸ்டார்ட் செய்த உடனே உறுமவிடாதீர்கள். அரை நிமிடமாவது சும்மா ஓடட்டும், ஒயில் டர்போவுக்கு ஏறட்டும்.

பாரத்தோடு மேடு ஏறி வந்து நின்றதும் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். உடனே நிறுத்தினால், சூட்டில் நிற்கும் தண்டைச் சுற்றி ஒயில் கருகிக் கரியாகிவிடும். அந்தக் கரிதான் கானை அடைக்கிறது. ஆனால் மணிக்கணக்காகச் சும்மா ஓடவிடுவதும் கூடாது. அந்த நேரம் வெளியில் இருந்து அமுக்கம் இல்லாததால் ஒயில் கசிய வழி உண்டு.

ஒயிலை வாகனப் புத்தகம் சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள், பின்பு அல்ல. நமது ஏற்ற இறக்கமும் புழுதியும் ஒயிலைச் சீக்கிரம் கெடுக்கும். டர்போ டீசலுக்கு என்று தரம் குறித்த ஒயிலையே நம்பிக்கையான கடையில், மூடி உடைக்காத டின்னாக வாங்குங்கள்.

எயார் பில்டரை மாதம் ஒருமுறை பாருங்கள். மழை இல்லாத மாதங்களில் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள்.

2008 முதல் நம் நாட்டில் வருடாந்த வாகன வரிப் பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். டர்போவைக் கவனித்தால் அந்தப் பரிசோதனைக்கும் பயப்பட வேண்டியதில்லை. பின்னால் நடந்து பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளும் அந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டியதில்லை.

தொழில் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு

கராஜில் எடுபிடியாக நின்று பார்த்துப் பழகிய பிள்ளைகள் நம் தோட்டங்களில் பலர் இருக்கிறார்கள். கை நன்றாக வரும், ஆனால் கையில் சான்றிதழ் இருக்காது. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும், தொழிற்பயிற்சி அதிகார சபையும் மோட்டார் இயந்திரத் தொழிலில் பயிற்சி தருகின்றன. ஏற்கனவே வேலை தெரிந்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பரீட்சித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறவும் வழி உண்டு. விபரம் வேண்டியவர்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். விண்ணப்பம் நிரப்ப நாம் உதவுவோம்.

நாமே நம்மைக் கேட்போம்

வாசித்தவர்கள் வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுத்து, கீழ்க்காணும் கேள்விகளுக்குச் சேர்ந்து விடை தேடுங்கள்.

1. டர்போ சீல் ஏன் றப்பரால் செய்யப்படுவதில்லை?
2. எயார் பில்டர் அடைபட்டால் ஒயில் ஏன் குறைகிறது?
3. சீல் வளையத்தை மட்டும் மாற்றுவது ஏன் அரைவேலை?
4. சாவியை நிறுத்தியும் நிற்காத டீசல் இஞ்சினை எப்படி நிறுத்துவது?
5. மேடு ஏறி வந்தவுடன் இஞ்சினை ஏன் நிறுத்தக் கூடாது?

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நல்லெண்ணெய்க்குச் சொன்ன அந்தப் புத்தி வேன் ஒயிலுக்கும் பொருந்தும். அடுத்த தடவை யாராவது "டர்போ சீல் போச்சு" என்று சொன்னால், "கானைப் பார்த்தீங்களா?" என்று முதலில் கேளுங்கள்.